உதவிப் பயிற்சியாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு வேலையின் கதை

1983-ல் லாரி பிரவுன் கான்சாஸ் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 1988-ல் தேசியப் பட்டத்தை வென்று கொடுத்துவிட்டு விடைபெற்றார். அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் யார், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்தாலே போதும். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் உதவிப் பயிற்சியாளர் வேலைக்கு ஆட்கள் எந்தெந்த வாசல் வழியாக வருகிறார்கள் என்பது பெருமளவு விளங்கிவிடும்.

எட் மேனிங் அவர்களில் ஒருவர். தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தவர், கரோலினா கூகர்ஸ் அணியில் பிரவுனிடமே ஆடியவர். பிரவுன் அவரை அழைத்தபோது நெடுந்தூர லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மகன் டேனி அப்போது நாட்டின் தலைசிறந்த பள்ளி வீரர்களில் ஒருவன். அப்பாவுக்கு கான்சாஸில் உதவிப் பயிற்சியாளர் வேலை கிடைத்ததும் குடும்பம் வட கரோலினாவிலிருந்து லாரன்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. மகன் அங்கேயே பள்ளியை முடித்து கான்சாஸில் சேர்ந்தான். 1988 பட்டத்தை வென்றது அந்த டேனி மேனிங்கின் அணி.

ஜான் கலிப்பாரி பென்சில்வேனியாவின் சிறிய கல்லூரி ஒன்றில் ஆடியவர். பிரவுன் வருவதற்கு ஓராண்டு முன்பே, சம்பளமில்லாத தன்னார்வலராகக் கான்சாஸுக்கு வந்திருந்தார். வீரர்களின் உணவு மேசையில் காய்கறி பரிமாறியதும் தன் வேலைகளில் ஒன்று என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பில் செல்ஃப் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழக வீரர். கோடை முகாமில் வேலை பார்க்க வந்த இடத்தில் முழங்காலில் அடிபட்டது. உனக்கு என்ன செய்யட்டும் என்று பிரவுன் கேட்டார். அடுத்த ஆண்டு வேலை கொடுங்கள் என்றார் செல்ஃப். அப்படித்தான் 1985-ல் பட்டமேற்படிப்பு உதவியாளரானார். இன்னொருவர் கிரெக் போபோவிச். கலிபோர்னியாவின் பொமோனா-பிட்சர் என்ற சிறு கல்லூரியில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், ஓராண்டு விடுப்பு எடுத்துக்கொண்டு பிரவுனிடம் தன்னார்வலராக இருந்து கற்றுக்கொண்டு போனார்.

2008 ஏப்ரலில் சான் அன்டோனியோவில் நடந்த தேசிய இறுதிப் போட்டியில் கான்சாஸ் தலைமைப் பயிற்சியாளர் பில் செல்ஃப். எதிரணியான மெம்பிஸின் தலைமைப் பயிற்சியாளர் ஜான் கலிப்பாரி. செல்ஃப் பக்கத்தில் உதவிப் பயிற்சியாளராக டேனி மேனிங். கூடுதல் நேரத்தில் 75–68 என்று கான்சாஸ் வென்றது. அதே சான் அன்டோனியோ நகரின் ஸ்பர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக அப்போதே நான்கு என்.பி.ஏ. பட்டங்கள் வென்றிருந்தவர் போபோவிச். அந்த அணியின் பொது மேலாளராக இருந்த ஆர்.சி. புஃபோர்டும் பிரவுனின் கான்சாஸ் உதவியாளர்தான்.

இந்த வேலைக்கு உரிமமோ பட்டயமோ கிடையாது. இத்தனை ஆண்டு ஆடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. கல்லூரிப் போட்டிகளின் உச்ச மட்டமான முதல் பிரிவில் மட்டும் 350-க்கும் மேற்பட்ட ஆண்கள் அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் யாரை அமர்த்துவது என்பது தலைமைப் பயிற்சியாளரின் விருப்பம். அடுத்த எதிரணியின் ஆட்டத்தைப் படித்து வீரர்களுக்கு விளக்குவது, ஒவ்வொரு வீரரையும் தனியே பழக்குவது, பள்ளிகளைச் சுற்றிப் புதிய வீரர்களைத் தேடிச் சேர்ப்பது, பையன்கள் வகுப்புக்குப் போகிறார்களா என்று கவனிப்பது எல்லாம் உதவியாளர்கள் தலையில்தான். வேலைக்கு எழுதப்பட்ட தகுதி இல்லாததால், யார் யாருக்கு அறிமுகம் என்பதும், ஆரம்ப ஆண்டுகளைக் காசில்லாமல் யாரால் ஓட்ட முடியும் என்பதுமே தகுதிகளாகிவிட்டன. இந்தத் துறையைத் தொடர்ந்து கவனித்ததில் எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்.

அறிமுகத்தின் வலிமைக்கு கான்சாஸின் வரலாறே சான்று. கூடைப்பந்தை 1891-ல் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித்தான் அப்பல்கலைக்கழகத்தின் முதல் பயிற்சியாளர். அவரிடம் ஆடியவர் ஃபாக் ஆலன். ஆலனிடம் ஆடி 1952-ல் பட்டம் வென்று, அவருக்கே உதவியாளராகவும் இருந்தவர் டீன் ஸ்மித். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ஸ்மித்திடம் ஆடி, அவருக்கு உதவியாளராக இருந்தவர் லாரி பிரவுன். ஒரு விளையாட்டின் கண்டுபிடிப்பாளரிலிருந்து இன்றைய தலைமைப் பயிற்சியாளர்கள் வரை கைமாறி வந்த தொடர்ச்சி இது. இதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. இந்தத் தொடருக்கு வெளியே பிறந்தவன் எப்படி உள்ளே வருவான் என்ற கேள்வியும் இதிலேயே இருக்கிறது.

சொந்தக் கல்லூரியின் பழைய வீரரை உதவியாளராக அமர்த்தும் வழக்கத்துக்கு டியூக் பல்கலைக்கழகத்தை விடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. மைக் ஷஷெவ்ஸ்கி 1980 முதல் 2022 வரை அங்கே தலைமைப் பயிற்சியாளர். அவரே அந்த வழியில் வந்தவர்தான்: ராணுவக் கல்லூரியில் பாப் நைட்டிடம் ஆடி, ராணுவப் பணி முடித்து, இந்தியானாவில் நைட்டிடம் ஓராண்டு உதவியாளராக இருந்துவிட்டு, தான் படித்த ராணுவக் கல்லூரிக்கே தலைமைப் பயிற்சியாளராகப் போனார். டியூக்கில் டாமி அமேக்கர், குவின் ஸ்னைடர், ஜானி டாகின்ஸ், கிறிஸ் காலின்ஸ், ஸ்டீவ் வோஜ்ஷஹௌஸ்கி, ஜெஃப் கேபல் என்று அவருக்கு உதவியாளராக இருந்த இந்த ஆறு பேரும் அவரிடம் ஆடியவர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் பிறகு வேறு பல்கலைக்கழகங்களில் தலைமைப் பொறுப்பேற்றார்கள். 2010 பட்ட அணியில் ஆடிய ஜான் ஷயர், இஸ்ரேலிலும் ஸ்பெயினிலும் ஆடிவிட்டுத் திரும்பி, 2014-ல் உதவியாளராகி, 2022-ல் ஆசான் இடத்திலேயே அமர்ந்தார்.

இந்த முறையில் ஆதாயம் உண்டு. பழைய வீரனுக்கு அந்தப் பயிற்சியாளரின் சொல்லும் குரலும் பழக்கம். எதற்கு அவர் கோபப்படுவார், எதைப் பொறுத்துக்கொள்வார் என்பதெல்லாம் அத்துப்படி. புதிதாக வரும் பதினெட்டு வயதுப் பையனிடம் நானும் இதே இடத்தில் நின்றவன் என்று அவனால் சொல்ல முடியும். ஆனால் எல்லோரும் ஒரே ஆசானிடம் கற்ற இடத்தில் மாற்றுக் கருத்து எங்கிருந்து வரும்? 2022-ல் ஷயர் டியூக்கின் வழக்கத்தை மீறி, வெளியிலிருந்து அனுபவமுள்ள உதவியாளர் ஒருவரைக் கொண்டுவந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான வாசல் ஒன்று உண்டு. கல்லூரி அணிக்காக ஒரு நிமிடம்கூட ஆடாதவர்கள் நுழைவது அதன் வழியாக. கொன்சாகா பல்கலைக்கழகத்தின் மார்க் ஃப்யூ ஓரிகன் மாநிலத்தில் ஒரு பாதிரியாரின் மகன். கல்லூரி அணியில் ஆடியதே இல்லை. பள்ளிகளில் உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டு 1989-ல் கொன்சாகாவுக்குப் பட்டமேற்படிப்பு உதவியாளராக வந்தார். பத்தாண்டு கழித்து 1999-ல் தலைமைப் பொறுப்பேற்றார். அவரது அணி இரண்டு முறை தேசிய இறுதிப் போட்டிவரை போயிருக்கிறது.

மாணவ மேனேஜர்கள் இதே வாசலின் இன்னொரு பகுதி. தரையைத் துடைப்பது, பந்து பொறுக்கிக் கொடுப்பது, துண்டு துவைக்கப் போடுவது, வீடியோவை வெட்டி ஒட்டுவது இவர்களின் வேலை. டஸ்டி மே இந்தியானாவில் பாப் நைட்டின் மாணவ மேனேஜர். அதன்பிறகு அவர் போன இடங்களைப் பாருங்கள்: தென் கலிபோர்னியாவில் அலுவலக வேலை, மீண்டும் இந்தியானா, கிழக்கு மிச்சிகன், மர்ரி ஸ்டேட், அலபாமாவின் பர்மிங்ஹாம், லூசியானா டெக், ஃபுளோரிடா. 2018-ல்தான் ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. யாரும் பெரிதாக எண்ணாத அந்த அணியை 2023-ல் தேசியத் தொடரின் கடைசி நான்கு அணிகள் மோதும் ஃபைனல் ஃபோருக்குக் கொண்டுபோனார்; அந்தப் பருவத்தில் 35 வெற்றி. 2024-ல் மிச்சிகன் அவரை அழைத்துக்கொண்டது. ஒரு குடும்பம் இத்தனை முறை வீடு மாற்றுவதன் விலை எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை. மனைவியின் வேலை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் உதவியாளர்களும் பெரும்பாலும் கூடவே போவார்கள். தவறு அவர்கள்மேல் இருந்ததா இல்லையா என்று யாரும் கேட்பதில்லை.

பிராட் ஸ்டீவன்ஸின் கதை அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு மிகப் பிடித்தமானது. உதவித்தொகை கொடுக்காத மூன்றாம் பிரிவைச் சேர்ந்த டிப்பா கல்லூரியில் ஆடினார். படிப்பு முடிந்ததும் இந்தியானாபொலிஸில் எலை லில்லி மருந்து நிறுவனத்தில் நல்ல வேலை. 2000-ல் அதை விட்டுவிட்டு பட்லர் பல்கலைக்கழகத்தில் சம்பளமில்லாமல் சேர முடிவுசெய்தார். கைச்செலவுக்கு உணவகத்தில் பரிமாறும் வேலையும் பார்த்து வைத்திருந்தார். அதற்குள் பட்லரில் இடம் காலியாகி, சம்பள வேலையே கிடைத்துவிட்டது. 2007-ல், 30 வயதில், தலைமைப் பயிற்சியாளர். 2010, 2011 இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து இறுதிப் போட்டி. பிறகு பாஸ்டன் செல்டிக்ஸ். துணிவின் கதையாக இதைச் சொல்கிறார்கள், துணிவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மருந்து நிறுவனத்து வேலையை விட்டவர் தோற்றிருந்தால் இன்னொரு நிறுவனத்தில் சேர்ந்திருக்கலாம். தோற்றால் போக இடமில்லாத வீட்டுப் பிள்ளை அதே துணிவைக் காட்டுவது எளிதல்ல. கல்விக் கடனோ அம்மாவின் மருத்துவச் செலவோ உள்ளவனிடம் ஓராண்டு சும்மா வேலை செய் என்று சொன்னால், அவன் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விடுவான். அப்படிப் போனவர்களின் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை.

பள்ளிப் பயிற்சியாளர்களின் வாசல் ஒருகாலத்தில் அகலத் திறந்திருந்தது. ராய் வில்லியம்ஸ் மேற்கு வட கரோலினாவின் ஓவன் உயர்நிலைப் பள்ளியில் ஐந்தாண்டு பயிற்சியாளர். 1978-ல் டீன் ஸ்மித் பகுதிநேர உதவியாளர் இடம் தருவதாகச் சொன்னபோது, அதற்கான சம்பளம் ஆண்டுக்கு 2,700 டாலர். மனைவி, கைக்குழந்தையோடு வட கரோலினாப் பல்கலைக்கழகம் உள்ள சேப்பல் ஹில் போனார். வருமானத்துக்கு அணியின் நாள்காட்டிகளைக் கடைகடையாக விற்றார். ஞாயிற்றுக்கிழமை விடியும் முன் காரை எடுத்துக்கொண்டு, ஸ்மித்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சி நாடாக்களை கிரீன்ஸ்போரோ, ஆஷ்வில் நிலையங்களில் கொடுத்துவிட்டுத் திரும்புவார். அந்தப் பயணத்துக்குக் கிடைத்த கூலியும் குடும்பச் செலவுக்கு வேண்டியிருந்தது. பத்தாண்டு உதவியாளராக இருந்தபின் 1988-ல் கான்சாஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. பிற்பாடு வட கரோலினாவுக்கே திரும்பி 2005, 2009, 2017 ஆண்டுகளில் பட்டம் வென்றார். மிச்சிகன் ஸ்டேட்டின் டாம் இஸ்ஸோவும் பள்ளியில் தொடங்கி, சிறிய கல்லூரியில் உதவியாளராகி, 1983-ல் ஜட் ஹீத்கோட்டிடம் பகுதிநேர உதவியாளராகச் சேர்ந்து, 1995-ல் அதே அணிக்குத் தலைவரானவர். தென் கரோலினாவை 2017-ல் ஃபைனல் ஃபோருக்குக் கொண்டுசென்ற ஃபிராங்க் மார்ட்டின், கியூபாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. மயாமி நகரப் பள்ளிகளில் பல்லாண்டு பயிற்றுவித்தபின்தான் கல்லூரிப் பக்கம் வந்தார்.

இன்று இந்த வாசல் சுருங்கிவிட்டது. வீரர்களிடம் பள்ளிப் பயிற்சியாளருக்கு இருந்த செல்வாக்கு, கோடைக்காலத் தனியார் அணிகளை நடத்துபவர்களிடம் போய்விட்டதே முதன்மைக் காரணம். நைக்கி, அடிடாஸ், அண்டர் ஆர்மர் போன்ற காலணி நிறுவனங்கள் பணம் போட்டு நடத்தும் தொடர்களில் ஆடும் அணிகள் அவை. பதினாறு வயதுப் பையன் எந்தக் கல்லூரியில் சேர்வான் என்பதில் பள்ளி ஆசிரியரைவிட அந்தக் கோடை அணியின் தலைவர் சொல்லுக்கு எடை கூடியது. கல்லூரிகள் அவர்களையே உதவிப் பயிற்சியாளர்களாக அமர்த்தத் தொடங்கின. எட் மேனிங்கை பிரவுன் அழைத்ததும் அடிப்படையில் இந்தக் கணக்குதான். வீரனோடு சேர்த்து அவனுக்கு வேண்டியவரையும் வாங்குவது. 2010-ல் தேசியக் கல்லூரி விளையாட்டுக் கழகமான என்.சி.ஏ.ஏ. இதற்கு ஒரு கடிவாளம் போட்டது. சேர்க்கப்படும் வீரருக்கு வேண்டியவர்களை, அவர் சேர்வதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஆண்டுகளுக்குப் பயிற்சி சாராத பதவிகளில் அமர்த்தக் கூடாது என்றது. பயிற்சியாளர் இடத்திலேயே அமர்த்தினால் தடையில்லை. விதி வந்தபின் அந்த வழக்கம் நிற்கவில்லை, நாற்காலிதான் மாறியது.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் வேதனை தருவது வீரர் சேர்ப்பு என்ற வாசல் வழியே வந்தவர்களின் நிலை. கறுப்பின உதவிப் பயிற்சியாளர்கள் பெருமளவில் இந்த வழியாகவே உள்ளே விடப்பட்டார்கள். 1969-ல் ஜார்ஜ் ரேவலிங் மேரிலாந்தில் உதவியாளராகச் சேர்ந்தபோது, அப்பல்கலைக்கழகம் ஆடிய அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற அணிக் கூட்டமைப்பின் முதல் கறுப்பினப் பயிற்சியாளர் அவர்தான். அவருக்குப் பின் வந்த பலருக்கும் கொடுக்கப்பட்ட வேலை ஒன்றே: கறுப்பினக் குடும்பங்களின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசி, பையனை அழைத்து வா. ஆட்ட உத்தி வகுப்பவர் வேறொருவர். தலைமைப் பதவி காலியாகும்போது இவர் ஆள் சேர்ப்பவர்தானே, உத்தி தெரியாதே என்று ஒதுக்குவார்கள். உத்தி கற்கும் வேலையைக் கொடுக்காமலே வைத்திருந்தவர்களும் அவர்கள்தான். ஜார்ஜ்டவுனின் ஜான் தாம்சன் 1984-ல் தேசியப் பட்டம் வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். அவர் கல்லூரி உதவியாளர் ஏணியில் ஏறி வரவில்லை. வாஷிங்டனின் செயின்ட் ஆண்டனி உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேராக 1972-ல் வந்தவர். 1994-ல் ஆர்கன்சாவுக்குப் பட்டம் வாங்கித் தந்த நோலன் ரிச்சர்ட்சனும் எல் பாசோவின் பள்ளியிலும் பிறகு இரண்டாண்டுக் கல்லூரியிலும் தலைமைப் பயிற்சியாளராக இருந்து மேலே வந்தவர். ஏணியில் ஏறக் காத்திருந்திருந்தால் இருவருக்கும் வாய்ப்பு வந்திருக்குமா என்பது ஐயமே.

சட்டம் பாய்ந்தபோதும் அது இந்த நாற்காலியில் இருந்தவர்கள்மேல்தான் பாய்ந்தது. 2017 செப்டம்பர் 26 அன்று எஃப்.பி.ஐ. நான்கு உதவிப் பயிற்சியாளர்களைக் கைதுசெய்தது: ஆபர்னின் சக் பெர்சன், ஒக்லஹோமா ஸ்டேட்டின் லமாண்ட் எவன்ஸ், அரிசோனாவின் புக் ரிச்சர்ட்சன், தென் கலிபோர்னியாவின் டோனி பிளாண்ட். தங்கள் வீரர்களைக் குறிப்பிட்ட முகவர்களிடம் திருப்பிவிடப் பணம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நால்வரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இருவருக்கு மூன்று மாதச் சிறை, இருவருக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு. நால்வரும் கறுப்பினத்தவர். அவர்களின் தலைமைப் பயிற்சியாளர்களில் ஒருவர்மேலும் குற்ற வழக்கு இல்லை. ரிச்சர்ட்சனுக்கு விளையாட்டுக் கழகம் சார்பில் பத்தாண்டுத் தடையும் சேர்ந்தது. அவருடைய தலைவராக இருந்த ஷான் மில்லரை அரிசோனா 2021-ல் நீக்கியது. அடுத்த ஆண்டே ஸேவியர் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அமர்த்திக்கொண்டது. பணம் வாங்கியது தவறுதான். ஆனால் எப்படியாவது அந்தப் பையனைக் கொண்டு வா என்ற அழுத்தம் எங்கிருந்து இறங்கியது என்பதைத் தண்டனைப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

இது புதிதும் அல்ல. 1988-ல் கென்டக்கி உதவிப் பயிற்சியாளர் டுவேன் கேசியின் பெயரில் ஒரு வீரரின் தந்தைக்குப் போன பார்சல், கொரியர் நிறுவனத்தில் பிரிந்துகொண்டது. உள்ளே 1,000 டாலர் இருந்ததாகச் செய்தி வெடித்தது. பணம் வைத்தது தான் அல்ல என்று கேசி கடைசிவரை மறுத்தார். கொரியர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார், அது சமரசத்தில் முடிந்தது. ஆனாலும் கல்லூரி வாசல்கள் மூடிவிட்டன. ஜப்பானுக்குப் போய்ப் பயிற்சியளித்தார். பிறகு என்.பி.ஏ.வில் உதவியாளராகச் சேர்ந்து உயர்ந்து, 2018-ல் டொராண்டோவில் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது பெற்றார். உத்தி தெரிந்த ஒருவரைக் கல்லூரிக் கூடைப்பந்து இழந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அரிசோனாவில் மில்லரின் இடத்துக்கு வந்த டாமி லாயிடும் வீரர் சேர்ப்பில் பெயர் எடுத்தவர்தான். இருபதாண்டு கொன்சாகாவில் மார்க் ஃப்யூவிடம் உதவியாளர். லிதுவேனியக் குடும்பத்து டொமாண்டாஸ் சபோனிஸ், ஜப்பானின் ரூயி ஹச்சிமூரா என வெளிநாட்டு வீரர்களைத் தேடிக் கொண்டுவந்தவர் அவர். முதல் பருவத்திலேயே 33 வெற்றி. அதற்கு முன் பில் கத்ரிட்ஜ் டீன் ஸ்மித்திடம் முப்பதாண்டு உதவியாளராக இருந்து, 1997-ல் அறுபது வயதில் தலைமைக்கு வந்து, முதல் பருவத்தில் 34 வெற்றி பெற்றிருந்தார். நெடுங்காலம் இரண்டாம் இடத்தில் இருந்தவர் தலைமைக்கு உதவமாட்டார் என்பது வெறும் நம்பிக்கை. வீரர் சேர்ப்பில் கைதேர்ந்தவருக்கு ஆட்டம் தெரியாது என்பதும் அப்படியே.

பெண்கள் கூடைப்பந்தில் பாதை வேறாக இருந்தது. 1974-ல் பாட் சம்மிட் டென்னசியில் பட்டமேற்படிப்பு உதவியாளராகச் சேர வந்தார். இருந்த பயிற்சியாளர் விலக, 22 வயதில் அவரே தலைமைப் பயிற்சியாளர். மாதச் சம்பளம் 250 டாலர். சீருடைகளை அவரே துவைத்தார், வேனை அவரே ஓட்டினார். எட்டு தேசியப் பட்டங்கள், 1,098 வெற்றிகளோடு ஓய்வு பெற்றார். கல்வியில் பால் பாகுபாட்டைத் தடைசெய்த டைட்டில் நைன் சட்டம் 1972-ல் வந்தபின் பெண்கள் அணிகளுக்குப் பணம் வந்தது. பணத்தோடு ஆண்களும் வந்தார்கள். 1972-ல் எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து, பெண்கள் கல்லூரி அணிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவற்றுக்குப் பெண்களே தலைமை. 2014-ல் அது ஏறக்குறைய 43 விழுக்காடு என்று புரூக்ளின் கல்லூரியின் அகோஸ்டா, கார்ப்பென்டர் ஆய்வு காட்டியது. கனெக்டிகட் பெண்கள் அணிப் பயிற்சியாளர் ஜீனோ ஆரியெம்மா வர்ஜீனியாவில் டெபி ரயன் என்ற பெண்ணிடம் உதவியாளராக இருந்து கற்றவர் என்பதையும், 1985 முதல் அவர் பக்கத்தில் உதவியாளராக இருந்தவர் கிறிஸ் டெய்லி என்ற பெண் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

எதிர்த் திசையில் வாசல் அநேகமாகப் பூட்டியே கிடக்கிறது. 1990-ல் ரிக் பிட்டினோ கென்டக்கி ஆண்கள் அணிக்கு பெர்னடெட் மேட்டாக்ஸை உதவிப் பயிற்சியாளராக்கினார். முதல் பிரிவு ஆண்கள் அணியில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். அதன்பின் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய பெயர்களே சேர்ந்திருக்கின்றன. ஆண்கள் பெண்களுக்குப் பயிற்சியளிக்கலாம் என்றால் பெண்கள் ஆண்களுக்கு ஏன் முடியாது என்ற கேள்விக்கு இதுவரை யாரும் ஒழுங்கான பதில் சொல்லி நான் படித்ததில்லை.

இனி சம்பளம். இந்தத் துறையின் ஆகப் பெரிய சட்டப் போராட்டம் இதில்தான் நடந்தது. வெளியே அதிகம் பேசப்படாததும் இதுவே. 1991-ல் என்.சி.ஏ.ஏ. செலவைக் குறைக்க ஒரு விதி கொண்டுவந்தது. முதல் பிரிவுக் கூடைப்பந்து அணிக்கு நான்கு பயிற்சியாளர்கள்: ஒரு தலைவர், இரண்டு உதவியாளர்கள், நான்காவதாக வருமான வரம்புள்ள ஒருவர். அந்த நான்காமவருக்குக் கல்வியாண்டில் 12,000 டாலர், கோடையில் 4,000 டாலர். மொத்தம் 16,000-க்கு மேல் கொடுக்கக் கூடாது. அதே வேலைக்கு அதற்கு முன் சில இடங்களில் 60,000, 70,000 டாலர் வரை கிடைத்ததை நீதிமன்றமே பதிவுசெய்திருக்கிறது. விதிக்குச் சொன்ன நியாயம், இளைஞர்களுக்குத் தொடக்க வாய்ப்பு. நடந்தது வேறு. பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களே அந்த இடத்துக்கு வந்தார்கள், 16,000 டாலருக்கு வேலை பார்த்தார்கள்.

அந்தப் பயிற்சியாளர்கள் கான்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். போட்டியாளர்களான பல்கலைக்கழகங்கள் கூடிப் பேசி ஊழியர் சம்பளத்தை நிர்ணயிப்பது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்பது அவர்கள் வாதம். 1995-ல் மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்றது. 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. இழப்பீடு மும்மடங்காகி 6 கோடி டாலரைத் தாண்டியபின், 1999-ல் 5.45 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. பெயர் பெற்ற தலைமைப் பயிற்சியாளர்கள் யாரும் இதில் இல்லை. பெஞ்சின் கடைசி நாற்காலிக்காரர்கள், தங்களை ஆளும் அமைப்பையே நீதிமன்றத்தில் வென்ற நிகழ்ச்சி இது. கல்லூரி விளையாட்டில் ஊதியத்துக்கு வரம்பு போடுவது சட்டப்படி நிற்காது என்று பிறகு வீரர்கள் தொடுத்த வழக்குகளுக்கும் இந்தத் தீர்ப்பு அடித்தளங்களில் ஒன்றாக இருந்தது.

ஆனால் நீதிமன்றம் நீக்கியது உச்சவரம்பை. கீழ்வரம்பு என்று ஒன்று அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பெரிய பல்கலைக்கழகங்களில் மூத்த உதவியாளர் ஆண்டுக்குப் பல லட்சம் டாலர் வாங்குகிறார். அதே கட்டடத்தில் நள்ளிரவுவரை வீடியோ வெட்டும் பட்டமேற்படிப்பு மாணவருக்குப் படிப்புக் கட்டணமும் சிறு உதவித்தொகையும் மட்டும். சிறிய கல்லூரிகளில் அதுவும் இல்லை.

2021 ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. ஆண்டுதோறும் வீரர்கள் கல்லூரி மாறுவது சாதாரணமாகிவிட்டது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். இதனால் தேவைப்படும் அனுபவமும் மாறுகிறது. 2022-ல் டியூக் ஆண்கள் அணி நைக்கி, என்.பி.ஏ. நிறுவனங்களில் வேலை பார்த்த ரேச்சல் பேக்கரைப் பொது மேலாளராக நியமித்தது. 2023-ல் பேக்கர் டன்லீவி குவினிப்பியாக் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவியையே விட்டுவிட்டு வில்லனோவாவில் பொது மேலாளரானார். ஒப்பந்தம் பேசத் தெரிந்தவர், சந்தை மதிப்பைக் கணக்கிடத் தெரிந்தவர், வெளிநாட்டு லீக்குகளை அறிந்தவர் ஆகியோருக்கு மதிப்பு ஏறுகிறது. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் பேசி நம்பிக்கை பெறும் திறமைக்கு மதிப்பு இறங்குமா என்று கேட்டால், உடனே இறங்காது என்பேன். ஆனால் அந்தத் திறமையை மட்டும் காட்டி உள்ளே விடப்பட்டவர்கள் இந்த மாற்றத்தில் முதலில் வெளியேற்றப்படக் கூடாது.

2023 ஜூலை முதல் ஒவ்வொரு அணியும் கூடுதலாக இரண்டு உதவியாளர்களைக் களத்தில் பயிற்சியளிக்க அமர்த்திக்கொள்ளலாம் என்று விதி மாறியது. மூன்றாக இருந்த இடம் ஐந்தானது. நாடு முழுக்க, ஆண்கள் பெண்கள் இரு பக்கமும், நூற்றுக்கணக்கான புதிய நாற்காலிகள். இவற்றில் யார் உட்காரப்போகிறார்கள் என்பதைப் பல்கலைக்கழகங்கள் இப்போதே முடிவு செய்யலாம். இந்த இடங்களுக்கு முறையாக விளம்பரம் கொடுங்கள். ஒரு குடும்பம் வாழக்கூடிய சம்பளத்தை எழுத்தில் வையுங்கள். வீரர் சேர்ப்பில் மட்டும் வைத்திருக்கும் உதவியாளருக்கு ஒரு பருவம் முழுக்க எதிரணி ஆய்வையும் தடுப்பாட்ட உத்தியையும் ஒப்படையுங்கள். தலைமைப் பதவி காலியாகும்போது நேர்காணலுக்கு அவரையும் கூப்பிடுங்கள்.